மரவள்ளி: குச்சி வெட்டுவது முதல் ஆலை வாசல் வரை

மரவள்ளியைச் சோம்பேறிப் பயிர் என்று சொல்பவர்கள் சேலம், நாமக்கல் பக்கத்தில் நிறையவே உண்டு. குச்சியை ஊன்றிவிட்டுப் பத்து மாதம் கழித்து வந்து பிடுங்கிக்கொள்ளலாம் என்பது அவர்களுடைய எண்ணம். பயிர் பிழைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். மழை தவறினால் இலைகளை உதிர்த்துவிட்டுக் குச்சியில் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அடுத்த மழைக்கு மறுபடியும் துளிர்க்கும். ஆனால் பயிர் பிழைப்பது வேறு, பயிரிட்டவர் பிழைப்பது வேறு. இந்தப் பயிரில் வருமானம் இரண்டு இடங்களில் முடிவாகிறது. ஒன்று, நடுவதற்கு முன்பே குச்சியைத் தேர்ந்தெடுக்கும்போது. மற்றொன்று, கிழங்கைப் பிடுங்கி ஜவ்வரிசி ஆலை வாசலில் இறக்கும் அந்த இரண்டு நாட்களில். இடையிலுள்ள மாதங்களில் நாம் செய்யும் சிறு தவறுகளைப் பெரும்பாலும் செடி பொறுத்துக்கொள்ளும். இந்த இரண்டு இடங்களில் மட்டும் பொறுக்காது. ஆகவே இந்தக் கட்டுரையும் அவ்விரண்டைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

ஊருக்கு ஊர் பெயர் மாறும் கிழங்கு இது. கொங்குப் பகுதியில் குச்சிக்கிழங்கு, கன்னியாகுமரியில் மரச்சீனி, கேரள எல்லையோரம் கப்பை. தென்னமெரிக்காவில் தோன்றிய இச்செடியைப் போர்த்துகீசியர்கள் மலபார்க் கரைக்குக் கொண்டுவந்தனர். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இதைப் பயிரிட மக்களைத் தூண்டினார். இரண்டாம் உலகப் போரின்போது பர்மா அரிசி வருவது நின்றதும் அந்நாட்டு ஏழைகளின் வயிற்றைக் காத்தது இக்கிழங்குதான். அதே போர்தான் சேலத்தில் இதைத் தொழிலாகவும் மாற்றியது. மலேயாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் மாவும் நின்றுபோகவே, 1943ஆம் ஆண்டையொட்டிச் சேலத்து வணிகரான மாணிக்கம் செட்டியாரும், பினாங்கில் இருந்து வந்த போபட்லால் ஷாவும் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர். ஜாவா அரிசி என்பதே ஜவ்வரிசி ஆயிற்று என்பார்கள். தென்கிழக்காசியாவில் அது சேகோ என்னும் ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுக்கப்பட்ட பண்டம். இங்கே பெயர் மட்டும் அப்படியே நிற்க, பொருள் கிழங்காக மாறிவிட்டது.

நைஜீரியாதான் உலகிலேயே அதிகமாக மரவள்ளி விளைவிக்கும் நாடு. அங்கே விளைவதில் பெரும்பகுதி கரி என்னும் வறுத்த மாவாகவும் பிற உணவாகவும் உள்நாட்டிலேயே உண்ணப்படுகிறது. தாய்லாந்தில் நிலைமை நேர்மாறு: அங்கு விளைவது பெரும்பாலும் மாவாகவும் காய்ந்த சீவலாகவும் கப்பலேறுகிறது. நம்முடையது மூன்றாவது வகை. நாமக்கல்லில் விளையும் கிழங்கு சேலத்தில் ஜவ்வரிசியாகி, மராட்டியத்திலும் குஜராத்திலும் நோன்பு நாட்களில் கிச்சடியாகிறது. தன் வயலுக்கு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒருவரின் நவராத்திரி விரதம் தன் கிழங்கின் விலையை அசைக்கிறது என்பதை இங்குள்ள விவசாயி அறிந்தே இருக்கிறார்.

குச்சியைத் தேர்ந்தெடுத்தல்

மரவள்ளிக்கு விதை கிடையாது என்று சொல்ல முடியாது. காய்த்து விதை விடும் செடிதான். ஆனால் பயிரிடுவதற்குத் தண்டையே வெட்டி ஊன்றுகிறோம். தண்டை ஊன்றுவதால் தாய்ச்செடியின் குணங்கள் அனைத்தும் மாறாமல் வருகின்றன. அதோடு தாய்ச்செடியின் நோய்களும் மாறாமல் வருகின்றன. தேமல் நோய் என்னும் வைரஸ் நோயே இப்பயிரின் முதல் எதிரி. இலையில் பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாகத் தோன்றும், இலை கோணிச் சுருங்கும், செடி குட்டையாக நிற்கும். வெள்ளை ஈ இதைச் செடிக்குச் செடி பரப்புகிறது என்றாலும், ஊருக்கு ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் நாம்தான். ஒரு வருடம் எங்கள் வீட்டில் குச்சி போதாமல், வயலை நேரில் பார்க்காமலேயே வண்டியில் வந்த கட்டுகளை வாங்கி நட்டோம். நன்றாகத் தடித்த, பார்வைக்கு அழகான குச்சிகள். ஆனால் இரண்டாம் மாதத்திலேயே வயலில் பாதி மஞ்சளாகிவிட்டது. குச்சியின் தடிமனைப் பார்த்து நோயை அறிய முடியாது. இலையோடு நிற்கும்போது பார்த்தால் மட்டுமே தெரியும் என்பதைக் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டோம்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். அறுவடைக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன், இலைகள் செழிப்பாக இருக்கும் காலத்தில் தாய் வயலுக்குள் இறங்கி நடக்க வேண்டும். தேமல் இல்லாத, ஒரே சீராக வளர்ந்த செடிகளுக்கு ஒரு துணித்துண்டைக் கட்டி அடையாளம் வைத்துவிட வேண்டும். அறுவடையன்று அந்தச் செடிகளின் தண்டுகளைத் தனியே பிரித்து வைக்க வேண்டும். வெளியிலிருந்து வாங்குவதானாலும் இதே விதிதான்: வயலைப் பார்க்காமல் குச்சியை வாங்கக் கூடாது. நட்ட பிறகு நோய் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு. முளைத்து வரும் முதல் இலைகளிலேயே தேமல் இருந்தால் அது குச்சியோடு வந்தது. அடி இலைகள் தெளிவாக இருந்து, பிற்பாடு வந்த மேல் இலைகளில் மட்டும் தெரிந்தால் அது வெள்ளை ஈ கொண்டுவந்தது. முதல் வகைச் செடிகளை இருபது நாட்களுக்குள் பிடுங்கி அழித்துவிட்டு, காலியான இடத்தில் நல்ல குச்சியால் போக்கு நட்டுவிட வேண்டும். பிடுங்க மனம் வராதுதான். ஆனால் விட்டுவைத்த ஒரு செடி வெள்ளை ஈக்கு நோயை ஊட்டும் தொட்டிலாகிவிடும்.

எட்டு முதல் பத்து மாதம் வளர்ந்த செடியின் தண்டில் நடுப்பகுதியே நடுவதற்கு ஏற்றது. நுனி இளசாக இருப்பதால் காய்ந்துவிடும். அடிப்பகுதி முற்றிக் கட்டையாக இருப்பதால் முளைக்கத் தாமதிக்கும். இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் தடிமன், பதினைந்து சென்டிமீட்டர் நீளம், எட்டு முதல் பத்துக் கணுக்கள் என்பது பொதுவான அளவு. கூரான கத்தியால் ஒரே வெட்டில் வட்டமாக வெட்ட வேண்டும். வெட்டுவாயில் பட்டை கிழிந்தாலோ நசுங்கினாலோ அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். வெட்டிய குச்சியில் பால் வடிய வேண்டும். வடியாவிட்டால் அது காய்ந்த குச்சி, ஒதுக்கிவிடலாம். நடுமுன் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் கார்பென்டசிம் என்னும் பூஞ்சைக்கொல்லியைக் கரைத்து அதில் பதினைந்து நிமிடம் ஊறவைத்தால் பூஞ்சை அழுகல் குறையும். மானாவாரியில் நடுபவர்கள் ஒரு லிட்டருக்கு ஐந்து கிராம் பொட்டாசியம் குளோரைடு கலந்த நீரில் இருபது நிமிடம் நனைத்தால் குச்சி வறட்சியைத் தாங்கி முளைக்கும்.

ஒரு செடியிலிருந்து ஏறத்தாழ பத்துக் குச்சிகள் கிடைக்கும். அதாவது, நல்ல இரகம் ஒன்று கைக்கு வந்தாலும் அதைப் பெருக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதற்காகவே திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் குறுங்குச்சி முறையைக் கொண்டுவந்தது. இரண்டு கணுக்கள் மட்டும் உள்ள சிறு துண்டுகளை நிழல்வலையின் கீழ் நெருக்கமாக நாற்றாங்கால் விட்டு, தேமல் காட்டும் நாற்றுகளை அங்கேயே கழித்துவிட்டு, மீதியை வயலில் நடுவார்கள். பத்து மடங்காக இருந்த பெருக்கம் இதில் அறுபது மடங்கு வரை போகும். குச்சி குறைவாக உள்ளவர்கள் மட்டுமல்ல, நோய்க்குப் பயந்தவர்களும் இதைப் பின்பற்றலாம். நாற்றாங்காலில் நோயைக் கழிப்பது வயலில் கழிப்பதைவிட எளிது.

இரகத்தைப் பொறுத்தவரை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, கிழங்கு ஆலைக்கா, அடுப்புக்கா என்பது. ஆலைக்கு எச்-226, எச்-165 இரண்டும் நெடுங்காலமாகச் சேலம் வட்டாரத்தில் நடப்பவை. எச்-165 எட்டு முதல் ஒன்பது மாதத்தில் முற்றிவிடும். எச்-226க்குப் பத்து மாதம் வேண்டும். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஏத்தாப்பூர்-1 இரகமும் ஆலைக்கு உகந்தது. தேமல் தொல்லை தீராத வயல்களுக்கு ஸ்ரீ பத்மநாபா, ஸ்ரீ ரக்‌ஷா, ஸ்ரீ சக்தி போன்ற எதிர்ப்புத்திறன் உள்ள இரகங்கள் இருக்கின்றன. வேகவைத்துத் தின்பதற்கு ஏற்ற இரகங்களைத் தேடுபவர்கள் இன்னும் உண்டு.

நடவும் பராமரிப்பும்

நீர் தேங்காத செம்மண், செம்மண் கலந்த வண்டல், சரளை எதுவானாலும் மரவள்ளி வரும். களிமண்ணில் கிழங்கு பருக்கத் திணறும். நீர் தேங்கினால் அழுகும். நான்கைந்து முறை உழுது ஓர் அடி ஆழத்துக்கு மண்ணைப் பொலபொலப்பாக்கி, கடைசி உழவில் ஏக்கருக்குப் பத்து டன் தொழுவுரம் இட்டுப் பார் பிடிக்க வேண்டும். நீர் பாய்ச்சும் இறவையில் தை, மாசியில் நடுபவர்கள் அதிகம். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலைச் சரிவுகளில் மழையைப் பார்த்து நடுகிறார்கள்.

இடைவெளி மூன்றடிக்கு மூன்றடி என்றால் ஏக்கருக்குச் சுமார் 5,000 குச்சி, இரண்டரை அடி என்றால் சுமார் 7,000 குச்சி, மானாவாரியில் இரண்டடி என்றால் 11,000 குச்சி பிடிக்கும். குச்சியைச் செங்குத்தாக, கணுவின் மொட்டு மேல்நோக்கி இருக்கும்படி ஊன்ற வேண்டும். தலைகீழாக ஊன்றுவது கூலியாட்கள் அவசரத்தில் செய்யும் பிழை. தலைகீழ்க் குச்சியும் முளைக்கும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. கிழங்கு பிடிக்கும்போதுதான் குறை தெரியும். வெட்டும்போதே அடிப்பக்கத்தில் சுண்ணாம்பு தொட்டு அடையாளம் செய்துவிட்டால் இந்தப் பிழை நேராது.

நட்ட அன்று ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், பிறகு மூன்று மாதம் வரை வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒரு முறை, அதன் பின் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். சொட்டுநீர் வைத்தவர்கள் நீரில் பாதி மிச்சம் என்று சொல்வதில் மிகை இல்லை. அறுபதாம் நாளில் செடிக்கு இரண்டு நல்ல கிளைகளை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒடித்துவிட வேண்டும். ஐந்தாம் மாதம் வரை மாதம் ஒரு களைவெட்டு, கூடவே மண் அணைப்பு. முதல் இரண்டு மாதம் செடிகளுக்கிடையே வெயில் சும்மா விழுந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் சின்ன வெங்காயம், கொத்தமல்லி, உளுந்து ஏதாவது ஒன்றைப் போட்டால் உழவுக்கூலி திரும்பிவிடும்.

உரத்தில் பலர் செய்யும் பிழை, யூரியாவை அள்ளிக் கொட்டுவது. தழைச்சத்து மிகுந்தால் செடி ஆளுயரத்துக்கு மேல் பச்சைப்பசேலென்று நிற்கும். கீழே தோண்டினால் கிழங்கு சுண்டு விரலாக இருக்கும். மரவள்ளி கேட்பது சாம்பல்சத்தை, அதாவது பொட்டாஷை. இலையில் உருவாகும் சர்க்கரை வேருக்கு இறங்கி மாவாவதற்கு அதுவே துணை. இறவைக்கு ஏக்கருக்குத் தழைச்சத்து 36 கிலோ, மணிச்சத்து 36 கிலோ, சாம்பல்சத்து 96 கிலோ என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரையை ஒட்டிய அளவு. சாம்பல்சத்தை மட்டும் பொட்டாஷ் மூட்டைக் கணக்கில் சொன்னால் 50 கிலோ மூட்டை மூன்றுக்குச் சற்று மேல் வரும். மணிச்சத்து முழுவதையும், மற்ற இரண்டில் பாதியையும் அடியுரமாகவும், மீதிப் பாதியைத் தொண்ணூறாம் நாள் மேலுரமாகவும் இட வேண்டும். சுண்ணாம்பு கலந்த நிலங்களில் இளம் இலைகள் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. அதைத் தேமல் என்று எண்ணிச் செடியைப் பிடுங்கிவிடக் கூடாது. நூற்றுக்கு ஒரு பங்கு அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) அரைப் பங்கு துத்தநாக சல்பேட்டும் கலந்த நீரை அறுபதாம் நாளும் தொண்ணூறாம் நாளும் தெளித்தால் தெளிந்துவிடும்.

மாவுப்பூச்சி வந்த கதை

2020இல் கேரளத்தில் முதலில் தென்பட்டு, அடுத்து நாமக்கல், சேலம், ஈரோடு வயல்களில் இறங்கிய மரவள்ளி மாவுப்பூச்சி இப்பயிருக்கு வந்த பேரிடி. நுனிக் குருத்தில் வெள்ளைப் பஞ்சுபோல் ஒட்டிச் சாற்றை உறிஞ்சும். கணுக்களுக்கிடையே உள்ள தூரம் குறுகி, நுனி இலைகள் எல்லாம் ஒரு பூங்கொத்துப்போல் சுருண்டுவிடும். தென்னமெரிக்காவைச் சேர்ந்த இதே பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து பெரும் பஞ்சத்தை உண்டாக்கப் பார்த்தது. அங்கே அதை அடக்கியது மருந்து அல்ல, பராகுவேயில் கண்டெடுத்த அனகைரஸ் லோபேசி என்னும் எறும்பளவுகூட இல்லாத ஒரு குளவி. அந்த முயற்சியை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியைப் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்துப் பெருக்கி, 2022இல் ஏத்தாப்பூரில் வைத்து விவசாயிகளிடம் ஒப்படைக்கத் தொடங்கியது.

பெண் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். உள்ளே பொரித்த புழு அதைத் தின்று, கூட்டை ஓட்டை போட்டு வெளியே வரும். ஓட்டை விழுந்து பழுப்பாகக் காய்ந்து ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சிகளை நுனிக் குருத்தில் கண்டால் குளவி வேலை செய்கிறது என்று பொருள். அந்த வயலில் பூச்சிமருந்து தெளிப்பது வீட்டுக்காவல் நாயை நாமே விரட்டுவது போன்றது. குளவி இன்னும் வராத இடங்களில், தாக்கிய நுனிகளை ஒடித்து உடனே எரித்துவிட வேண்டும். தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வயலைச் சுற்றக் கூடாது. பூச்சி காற்றிலும் பரவும், ஆள் சட்டையிலும் பரவும், எல்லாவற்றையும்விட வேகமாக விற்ற குச்சிக்கட்டில் பரவும்.

செம்பேன் கோடையில் வரும். கிழங்கு அழுகல் நீர் தேங்கும் வயலில் வரும். அடியுரத்தோடு வேப்பம்புண்ணாக்கும் டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சையும் இட்டு வடிகால் வெட்டிவிட்டால் அழுகல் பெரும்பாலும் அடங்கும். மலையோரத்தில் காட்டுப்பன்றிக்கு மட்டும் இன்னும் நல்ல விடை கிடைக்கவில்லை.

பிடுங்கும் நேரமும் பாயிண்ட் கணக்கும்

இலைகள் பழுத்துப் பாதிக்குமேல் உதிர்வதும், செடியைச் சுற்றி மண் வெடிப்பதும் முற்றியதற்கான அறிகுறிகள். ஆனால் அறிகுறியைக் கண்டவுடன் பிடுங்கக் கூடாது. ஆலைகள் கிழங்கை எடைக்கு மட்டும் வாங்குவதில்லை; அதிலுள்ள மாவுச்சத்துக்கு வாங்குகின்றன. அதைத்தான் பாயிண்ட் என்கிறார்கள். வண்டியிலிருந்து மாதிரிக் கிழங்கை எடுத்துக் கழுவி எடை போடுவார்கள். பிறகு அதே கிழங்கைக் கம்பிக் கூடையோடு தண்ணீரில் அமிழ்த்தி எடை பார்ப்பார்கள். மாவு நிறைந்த கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனமாக நிற்கும். நீர்கோத்த கிழங்கு இலேசாகும். அந்த வித்தியாசமே பாயிண்ட்டாகிறது. பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 28 பாயிண்ட் கிழங்கு டன்னுக்கு 8,400 ரூபாயும், 24 பாயிண்ட் கிழங்கு 7,200 ரூபாயும் பெறும். ஏக்கருக்குப் பன்னிரண்டு டன் எடுப்பவருக்கு அந்த நான்கு பாயிண்ட் 14,400 ரூபாய். உரம், மருந்து எதிலும் இவ்வளவு எளிதாக இந்தத் தொகையை ஈட்ட முடியாது.

நான்கு பாயிண்ட் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம். நெடுநாள் காய்ந்த வயலில் திடீரென்று மழை பெய்தால் செடி துளிர்க்கும். அந்தத் துளிருக்கு வேண்டிய உணவு கிழங்கில் சேர்த்துவைத்த மாவிலிருந்துதான் மேலே போகிறது. மழைக்குப் பிறகு கிழங்கு எடை கூடியதுபோலத் தோன்றும்; கூடியது தண்ணீர், குறைந்தது மாவு. ஆகவே மழை வருவதற்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும்; அல்லது மழைக்குப் பின் புதிய இலைகள் விரிந்து முற்றி, மாவு மறுபடி இறங்கும் வரை சில வாரங்கள் பொறுக்க வேண்டும். துளிர்விட்ட பத்தாம் நாளில் பிடுங்குவது எல்லாவற்றிலும் மோசமான முடிவு. இதேபோல, பிடுங்கும் முன் மண் இளகட்டும் என்று கடைசித் தண்ணீரைத் தாராளமாகப் பாய்ச்சுவதும் பாயிண்டைக் கரைக்கும். வேர் நெகிழும் அளவுக்கு மட்டும் ஈரம் போதும். அதற்காக மாதக்கணக்கில் காத்திருக்கவும் கூடாது. முற்றிப்போன கிழங்கில் நார் ஏறும், ஆலைக்காரர் கழிப்பார்.

பிடுங்கிய கிழங்கு உருளைக்கிழங்கைப்போல் கிடங்கில் கிடக்காது. இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக் கீற்றுகள் ஓடத் தொடங்கும். வெட்டிப் பார்த்தால் தாளில் மை ஊறியதுபோல் இருக்கும். காயம் பட்ட இடத்திலிருந்துதான் இது முதலில் பரவுகிறது. எனவே கடப்பாரையால் குத்திப் பெயர்க்காமல், தண்டை அடியில் இரண்டு சாண் விட்டு வெட்டிவிட்டு, அந்தக் குட்டைத் தண்டைப் பிடித்து அசைத்து மெல்ல உருவ வேண்டும். எந்த ஆலையில், எந்தத் தேதியில், எத்தனை டன் இறக்கலாம் என்று வியாபாரியிடம் உறுதி வாங்கிய பிறகே ஆட்களை வயலில் இறக்க வேண்டும். பிடுங்கிப் போட்டுவிட்டுப் பேரம் பேசுபவருக்கு, பேரம் பேசுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. பாயிண்ட் பார்க்கும்போது நாமும் பக்கத்தில் நிற்க வேண்டும். நம் வண்டியின் நடுவிலிருந்து மாதிரி எடுக்கச் சொல்வதும், எடையை நாமும் குறித்துக்கொள்வதும் தவறில்லை. கேட்கக் கூச்சப்படுவதுதான் தவறு.

ஆலைக்குள் நடப்பது

கிழங்கின் தோலை உரித்துக் கழுவி, பற்கள் பதித்த உருளையில் அரைப்பார்கள். அரைத்த விழுதைத் தண்ணீர் தெளித்துச் சல்லடைகளில் ஆட்டினால் வெள்ளைப் பால் கீழே வழியும், நார் மேலே தங்கும். அந்த நாருக்குத் திப்பி என்று பெயர். காயவைத்து மாட்டுத்தீவனத்துக்கு விற்கிறார்கள். பால் தொட்டிகளில் சில மணி நேரம் நின்றால் மாவு அடியில் கட்டியாகப் படியும், மேலே நிற்கும் தண்ணீரை வடித்துவிடுவார்கள். ஈர மாவை உதிர்த்து, தொட்டில்போல் தொங்கும் துணியில் போட்டு விசையால் ஆட்டுவார்கள். ஆட ஆட மாவுத்துகள்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கடுகாக, மிளகாக உருண்டு திரளும். அந்த மணிகளைச் சலித்து, தேங்காய் எண்ணெய் தடவிய இரும்புத் தட்டில் வறுத்தால் சாதா ஜவ்வரிசி. ஆவியில் வேகவைத்தால் கண்ணாடிபோல் தெளியும் நைலான் ஜவ்வரிசி. பிறகு சிமெண்டுக் களத்தில் வெயிலில் காய வேண்டும். நான்கைந்து டன் கிழங்குக்கு ஏறத்தாழ ஒரு டன் ஜவ்வரிசி.

ஆலைக்காரர்கள் இடைத்தரகர்களிடம் சிக்காதிருக்க 1981இல் பதிவாகி 1982 முதல் செயல்படுவது சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம்; மூட்டைகளை இருப்பு வைத்து ஏலமுறையில் விற்றுக் கொடுக்கிறது. சேலம் ஜவ்வரிசி 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. மக்காச்சோள மாவு கலப்பதும், வெண்மைக்காக இரசாயனங்களில் வெளுப்பதும் அவ்வப்போது எழும் புகார்கள். கலப்படத்தால் முதலில் அடிவாங்குவது கிழங்கின் விலைதான் என்பதால், இது உண்பவரின் கவலை மட்டுமல்ல, விளைவிப்பவரின் கவலையும் ஆகும். பழுப்பு கலந்த மங்கல் வெள்ளையே இயற்கையான நிறம் என்று வாங்குபவர்கள் பழகிக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

மாவாகவே விற்பதற்கும் இடமுண்டு. ஈரோடு, குமாரபாளையம் பகுதியில் நெசவுப் பாவு நூலுக்குக் கஞ்சி போடவும், அட்டைப்பெட்டிக்குப் பசையாகவும், காகிதத்துக்கு மெருகேற்றவும், குளுக்கோஸ் தயாரிக்கவும் அது போகிறது. 2018இன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை எத்தனால் தயாரிக்கும் மூலப்பொருள்களில் மரவள்ளியையும் சேர்த்திருக்கிறது. ஆலைக் கழிவுநீரின் புளித்த நாற்றம் ஒரு காலத்தில் ஊரையே முகம் சுளிக்க வைத்தது; இன்று பல ஆலைகள் அதை மூடிய குளங்களில் தேக்கி எரிவாயு எடுத்து, அதிலேயே தங்கள் எந்திரங்களை ஓட்டுகின்றன.

வீட்டிலும் தொழுவத்திலும்

மரவள்ளியில் சயனைடு தரும் சேர்மங்கள் இருக்கின்றன. கசக்கும் இரகங்களில் அதிகம், வறட்சியில் வளர்ந்த கிழங்கிலும் அதிகம். இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை, முறை தெரிந்தால் போதும். தோலையும் உள்தோலையும் முழுவதுமாக உரித்து, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பச்சையாகத் தின்னக் கூடாது. இலங்கையில் மரவள்ளியோடு இஞ்சி சேர்க்கக் கூடாது என்று சொல்வதும், கன்னியாகுமரியில் மரச்சீனிக்கு மீன்குழம்பைத் துணைக்கு வைப்பதும் அனுபவத்தில் வந்த வழக்கங்கள். இரண்டாவது வழக்கத்தில் சத்துக் கணக்கும் இருக்கிறது: கிழங்கில் மாவு உண்டு, புரதம் மிகக் குறைவு.

விலை சரிந்த ஆண்டில் வற்றல் போடுவது ஒரு மாற்று வழி. துண்டுகளை ஒரு கொதி கொதிக்கவிட்டு எடுத்து வெயிலில் காயவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். இடித்தால் புட்டு மாவு. பச்சை இலையை ஆடு மாடு மேய விடக் கூடாது, குறிப்பாகக் காய்ந்த பின் துளிர்த்த தளிரை. தின்ற சிறிது நேரத்தில் ஆடு விழுந்துவிடும். நறுக்கி நன்றாகக் காயவைத்த இலையைத் தீவனத்தில் கலக்கலாம். இலையில் ஒரு பகுதியைப் பறித்து எரி என்னும் வகைப் பட்டுப்புழுவுக்கு இடுபவர்களும் இருக்கிறார்கள்; அளவோடு பறித்தால் கிழங்கு குறைவதில்லை.

கிழங்கு வண்டி கிளம்பிய மாலையில் எல்லாரும் களைத்திருப்பார்கள்; தண்டுகள் வரப்பில் தாறுமாறாகக் கிடக்கும். அன்றைக்கே துணி கட்டிய செடிகளின் தண்டுகளை மட்டும் பொறுக்கி, வெட்டாமல் முழுதாக, மரநிழலில் நேராக நிறுத்தி, அடியில் ஒரு சாண் மண்ணில் பதியும்படி அடுக்கிவைக்க வேண்டும். வெயில் படாமலும் காற்று புகும்படியும் இருந்தால் இரண்டு மாதம் வரை உயிரோடு நிற்கும். மேலே துளிர்த்த இலையில் தேமல் தெரிந்தால் அந்தத் தண்டை அப்போதே உருவி எறிந்துவிடலாம்.